மூன்றாவது சரணம்

உன் பாட்டைத் திருடியது நான். மெட்டு உன்னுடையது, முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை எழுதியதும் நீ. அதை அம்மன் பாட்டாக மாற்றி, நம் ஏரியா ஈஜிபுரா முழுக்கக் குழாய் ஸ்பீக்கரில் ஓடவிட்டது உன் அம்மாவாகிய நான். அந்தப் பாட்டுக்காக இரண்டு ஆடி மாதம் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இரண்டு தடவையும் குனிந்து வாங்கிக்கொண்டேன். இதை உன்னிடம் தனியாகச் சொல்லலாம் என்றால் நீ என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். அது உன் உரிமை. தவிர, ஊர் கேட்கத் திருடிவிட்டுக் காதோடு காதாக ஒப்புக்கொள்வதில் நியாயம் இல்லை. அதனால்தான் நம் ஆட்கள் படிக்கிற பத்திரிகைக்கு இதை எழுதுகிறேன். எழுதலாமா என்று உன்னோடு சேர்ந்து வாழ்கிற ஹேமந்த் மூலம் கேட்டேன். "என் பேர் வேணாம். மொத ரெண்டு சரணத்துல இருக்கறத வேணும்னா எழுதிக்கட்டும்" என்று நீ சொன்னதாகச் சொன்னான். மூன்றாவதைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லையாம். அடுத்த மாதம் நீங்கள் இருவரும் வேலையை மாற்றிக்கொண்டு புனேவுக்குப் போகிறீர்கள் என்பதையும் அவன்தான் சொன்னான். அதற்கு முன் இதை முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்குத் தெரிந்த சிலவற்றை உனக்கே திரும்பச் சொல்வேன். படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாதே. பத்தொன்பது வயதில் கல்யாணமாகிக் குடியாத்தத்திலிருந்து இந்த ஊருக்கு வந்தேன். உன் அப்பா அடுக்குமாடிக் குடியிருப்புகளில் எலெக்ட்ரீஷியன். சனி, ஞாயிறுகளில் ஒரு மெல்லிசைக் குழுவில் ரிதம் பேட் வாசிப்பார். ஒரு நாள் பாட வேண்டிய பெண் வரவில்லை, என்னை மேடையில் ஏற்றிவிட்டார். அன்றிலிருந்து கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று பாடிக்கொண்டிருக்கிறேன். நீ என் வயிற்றில் இருந்தபோது வீடு தேடினோம். எல்லாம் பேசி முடிந்த பிறகு வீட்டுக்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ ஆர்கெஸ்ட்ராவுல பாடுற பொம்பளையாமே. வயசுப் பொண்ணுங்க இருக்கற வூடு இது. வேற எடம் பாத்துக்கம்மா." அடுத்துப் பார்த்த வீட்டில் உன் அப்பா வாயைத் திறக்கும் முன் நான் முந்திக்கொண்டேன். "பஜனையில பாடுறேங்க. சாமி பாட்டு மட்டும்தான்." அன்றைக்கே சாவி கிடைத்தது. அந்த வீட்டுக்குத்தான் உன்னைப் பிறந்த குழந்தையாகத் தூக்கி வந்தேன்.

அந்தப் பொய்யிலிருந்து நான் ஒரு தொழில் ரகசியம் கற்றுக்கொண்டேன். கச்சேரியில் முதல் பாட்டு சாமி பாட்டாக இருக்க வேண்டும். கண்ணை மூடி, கைகூப்பி, நெற்றி நிறையக் குங்குமத்தோடு ஒரு பாட்டுப் பாடிவிட்டால், அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் நாங்கள் என்ன பாடினாலும் ஒருவனும் கேள்வி கேட்க மாட்டான். எல்லாக் குழுவும் இதைச் செய்கிறது. இன்னொன்றும் செய்வோம். ஊரில் ஓடிக்கொண்டிருக்கிற மெட்டு எதையாவது எடுத்து அதற்கு அம்மன் வார்த்தை போட்டுவிடுவோம். அதற்கு எங்கள் குழுவில் "சட்டை மாத்துறது" என்று பெயர். இதைத் தப்பு என்று யாரும் நினைப்பதில்லை. நானும் நினைத்ததில்லை. நான் எவ்வளவோ மெட்டுகளுக்குச் சட்டை மாற்றியிருக்கிறேன். என்னைப் பார்த்து முகம் சுளித்த ஊரை இப்படித்தான் சமாளித்தேன். தப்பிப்பது என்றால் இதுதான் என்று என் புத்தியில் அப்படியே உறைந்துவிட்டது.

நீ ஒன்பதாம் வகுப்பு படித்தபோது உன் பெஞ்சில் எவனோ காம்பஸால் ஒரு சொல்லைக் கீறிவைத்தான். நீ வீட்டில் சொல்லவில்லை. பள்ளி ஆயா என்னிடம் சொன்னாள். அதைக் கேட்டதும் நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சண்டை போட்டிருக்க வேண்டும். போகவில்லை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியிலிருந்து படிக்கட்டு வரை சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். "இது மேல நட. அப்பா எப்படி நடக்குறாரு, அது மாதிரி நட. இடுப்ப ஆட்டாத. கைய வீசு. தோளத் தூக்கு." நீ ஏன் என்று கேட்கவே இல்லை. பத்து நாள் பள்ளி விட்டு வந்ததும் யூனிஃபார்மோடு அந்தக் கோட்டில் நடந்தாய். பதினோராவது நாள் உன் அப்பாவைப் போலவே நடந்தாய். நான் சந்தோஷப்பட்டு உனக்கு கேசரி கிண்டிக் கொடுத்தேன். நீ ஒரு ஸ்பூன்கூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாய். இப்போது நினைத்தால் அந்தக் கேசரிதான் எனக்கு மிகவும் அசிங்கமாக இருக்கிறது. பெஞ்சில் கீறியவன் ஒரு நாள் கீறினான். நான் பத்து நாள் கீறினேன், பரிசும் கொடுத்தேன்.

உன்னைப் போன்றவர்களைக் குறிக்கத் தமிழில் கௌரவமான ஒரு சொல் இருக்கிறது என்பதே எனக்கு நாற்பத்தைந்து வயதில்தான் தெரிந்தது. தன்பாலீர்ப்பு என்று ஹேமந்த் கன்னட வாயால் திக்கித் திக்கிச் சொன்னான். அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் பெஞ்சில் கீறுகிற சொற்கள்தான். மேடையில் சிரிப்புக்காக எங்கள் குழுவின் மிமிக்ரிக்காரன் அந்தச் சொற்களைச் சொல்வான், கையை வளைத்து நடந்து காட்டுவான், நானும் மைக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று சிரிப்பேன். நீ முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாய். நீ சிரித்தாயா என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லை என்பது பொய்யாகவும் இருக்கலாம். பார்க்காமல் இருந்திருப்பேன்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீ வைட்ஃபீல்டில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அப்பா வேலைக்குப் போயிருந்தார். நான் சமையலறையில் இருந்தேன். நீ கீபோர்டைத் தூக்கி வந்து அரிசி டிரம் மேல் வைத்தாய்.

"ம்மா, ஒரு பாட்டு எழுதியிருக்கேன். நடுவுல பேசாம கேளு."

"லவ் பாட்டா?"

"கேளேன்."

"பாடறதுக்கு முன்னாடி வெந்நீ குடி. தொண்ட கரகரங்குது."

"ம்மா. கேளு."

நீ பாடினாய். பல்லவியின் முதல் வரியிலேயே என் கை நின்றுவிட்டது.

எங்க வீட்டுக் கதவுதான், தட்டத் தயங்குறேன்
உள்ள இருக்கறதும் நான், வெளிய நிக்கறதும் நான்

மெட்டு அப்படி இருந்தது. மேலே ஏறப் போகிறது என்று நினைக்கும் இடத்தில் அரைச் சுரம் கீழே இறங்கியது. இத்தனை வருடம் பாடி நான் கற்காத ஒன்றை நீ அரிசி டிரம்மின் முன் நின்று செய்துகொண்டிருந்தாய். முதல் சரணம் வந்தது.

பெஞ்சு மேல காம்பஸால பட்டப்பேர் கீறினான்
தேச்சுத் தேச்சு அழிச்சதுல என் கைதான் தேஞ்சது

அங்கே எனக்குப் புரிந்துவிட்டது. பெஞ்சு விஷயம் எனக்குத் தெரியாது என்று நீ நினைத்தாய், எனக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரியாது என்று நான் நினைத்தேன். அப்படியே எட்டு வருடம் ஓட்டியிருக்கிறோம். இரண்டாவது சரணத்தில் நீ கண்ணைத் திறந்து நேராக என்னைப் பார்த்தாய்.

கண்ணாடி முன்னால ஒரு வருஷம் நின்னேன்
போதும்டா, நல்லாத்தான் இருக்கன்னு சொன்னேன்

உன் முகத்தில் அன்று இருந்தது பயம் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. நீ அழுதிருந்தால் நான் கட்டிப்பிடித்திருப்பேன். அழுகிற பிள்ளையைத் தேற்ற எனக்குத் தெரியும். நீ உன்னை ஏற்றுக்கொண்டுவிட்டு, அதை எனக்குச் சொல்ல வந்திருந்தாய். "மூணாவது சரணம் உன்னப் பத்திம்மா" என்று சொல்லிக் கீபோர்டில் தாளத்தை மாற்றினாய். நான் மிக்ஸியைப் போட்டேன். ஜாரில் ஒன்றும் இல்லை. சட்னி அரைத்துக் கழுவி வைத்த வெறும் ஜார். அது கிடந்து அலறியது. நீ நிறுத்தினாய், காத்திருந்தாய். நான் அணைத்தேன். நீ மறுபடி ஆரம்பித்தாய். நான் மறுபடி போட்டேன். மூன்றாவது தடவை நீ எட்டி ஜாருக்குள் பார்த்தாய். பிறகு கீபோர்டை மூடினாய். "சரி விடும்மா" என்றாய். நான் சொன்னது இவ்வளவுதான்: "யாருக்கும் தெரிய வேணாம். அப்பாகிட்ட சொல்லிடாத."

மறுநாள் காலை என் ஃபோனில் ஒரு டிராக் வந்து கிடந்தது. வார்த்தை இல்லாமல் வெறும் கீபோர்டில் முழுப் பாட்டும். கீழே எழுதியிருந்தாய்: "மெட்டு எப்படி இருக்குன்னாவது சொல்லு." அதையாவது நான் செய்திருக்கலாம். அது எவ்வளவு நல்ல மெட்டு என்று உனக்கு நான் இன்றுவரை சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன், தாமதமாகத்தான். நான் கேட்ட மெட்டுகளிலேயே அதுதான் உயர்ந்தது.

ஆடிக்கு மூன்று வாரம் இருந்தது. கோயில் கமிட்டித் தலைவர் கஜேந்திரன் வந்து வாசலில் நின்றார்.

"அக்கா, இந்த வருஷம் கூழ் ஊத்தற அன்னிக்குப் புதுசா ஒரு பாட்டு வேணும். எல்லாப் பந்தல்லயும் ஒரே பாட்டப் போட்டுக் கொல்றானுங்க."

"பாக்கறேன்ணா."

"பாக்காத, போடு. நம்ம தெருவுக்குன்னு ஒரு பாட்டு. அந்த அல்சூர் பார்ட்டிங்க வாயப் பொளக்கணும்."

அன்று மாலை உன் டிராக்கை ஓடவிட்டுக்கொண்டே எழுதினேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. முத்து மாரி வாடியம்மா, முச்சந்தி நிக்கிறோம். மஞ்சத் தண்ணி ஊத்தி உன் வழியப் பார்க்கிறோம். அந்தச் சொற்களை நான் யோசிக்கவே இல்லை. கை தானாக எழுதும், அவ்வளவு பழக்கம். உன் காம்பஸ் இருந்த இடத்தில் சூலத்தை வைத்தேன். உன் கண்ணாடி இருந்த இடத்தில் கற்பூரத்தை வைத்தேன். மூன்றாவது சரணத்தில் நீ என்ன வைத்திருந்தாய் என்று எனக்குத் தெரியாது. அங்கே தீச்சட்டியை வைத்தேன்.

ஏன் செய்தேன் என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன்னைக் காப்பாற்ற என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டேன். அந்த மெட்டு இந்தத் தெருவில் பிழைக்க வேண்டுமானால் குங்குமம் வைத்துக்கொண்டுதான் பிழைக்கும், என்னைப் போல. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்த மெட்டை நான் பாட வேண்டும் என்ற ஆசை இருந்தது, அதுவும் உண்மை. ஆனால் இரண்டுக்கும் அடியில் வேறொன்று இருந்தது. அந்தச் சொற்கள் இல்லாமல் போக வேண்டும் என்று நினைத்தேன். தெருவே வேறு சொற்களோடு அதைப் பாடிவிட்டால், நீயே ஒரு நாள் உன் சொற்களை மறந்துவிடுவாய் என்று நினைத்தேன். பெற்றவள் இப்படி நினைப்பாளா என்று படிக்கிறவர்கள் கேட்கலாம். நினைப்பாள். உங்கள் வீட்டிலும் நினைத்துக்கொண்டிருப்பாள், போய்ப் பாருங்கள்.

கூழ் ஊற்றிய அன்று மாலை நீ ஆபீஸ் வண்டியிலிருந்து மெயின் ரோட்டில் இறங்கி நடந்து வந்திருக்கிறாய். நம் வீட்டு எதிர்க் கம்பத்தில் கட்டியிருந்த ஸ்பீக்கரில் நான் பாடிக்கொண்டிருந்தேன். நான் மேடையிலிருந்து பார்த்தபோது நீ கூட்டத்துக்குப் பின்னால் பையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாய். பாட்டு முடியும்வரை நகரவில்லை. மேடைக்குப் பின்னால் நீ வந்தபோது எனக்குச் சோடா கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"மூணாவது சரணத்துக்கு என்ன போட்டம்மா? தீச்சட்டியா?"

"நல்லா வந்திருக்குடா. எல்லாரும் அழுவுறாங்க பாரு."

"ம். நானும் பாத்தேன்."

"உன் மெட்டுதான்னு கமிட்டில சொல்லட்டுமா? பேரு சொல்லச் சொல்றேன்."

நீ சிரித்தாய். "மெட்டுக்கு மட்டும் பேரு. மீதிய எங்க போட்டம்மா?"

"வூட்ல பேசிக்கலாம். ஆளுங்க இருக்காங்க."

"உனக்கு எப்பவும் ஆளுங்க இருக்காங்கம்மா."

அவ்வளவுதான் நாம் பேசியது. இரண்டு நாளில் துணிகளை எடுத்துக்கொண்டாய். கீபோர்டை விட்டுவிட்டுப் போனாய். அது இன்னும் பீரோ மேல் இருக்கிறது.

பாட்டு நிற்கவில்லை. யாரோ ஃபோனில் எடுத்தார்கள், அது சுற்றியது. அடுத்த தெருக் குழு பாடியது, பிறகு ஊர் ஊராகப் போனது. ஆட்டோக்காரர் ஒருவரின் ரிங்டோனாக உன் பல்லவி என் எதிரிலேயே அடித்தது. மூன்றாவது சரணம் வந்ததும் பெண்களுக்கு அருள் வரும். தலை விரித்து ஆடுவார்கள். எங்களோடு கரகம் எடுத்து ஆடுகிற சரளாவை உனக்குத் தெரியும். திருநங்கை, எத்தனையோ வருடமாக என்னோடு ஒரே மேக்கப் பெட்டியைப் பகிர்ந்துகொள்கிறவள். போன வருடம் ஆடி முடித்து வேர்வை வழிய வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏய், இது யாரு மெட்டுடி?"

"நான்தான் போட்டேன்."

"போடி பொய்க்காரி. மூணாவது சரணத்துல தாளம் மாறுதில்ல, அங்க சாமிய யாரும் கூப்புடல. சாமிய எவளும் இவ்ளோ பயந்து பயந்து கூப்புட மாட்டா. யாரோ அம்மாவக் கூப்புடுது."

நான் எழுந்து போய்விட்டேன். அந்த சரளாவின் காலில் விழுந்துதான் இந்தத் தெருவில் எல்லாரும் குழந்தைக்கு விபூதி வாங்குகிறார்கள். அவளுக்கு இங்கே வாடகைக்கு ஒரு அறை கொடுக்க ஆள் இல்லை. இரண்டு பஸ் மாறி வருகிறாள். துணி மாற்ற ஜெனரேட்டர் பக்கத்தில் ஒரு தார்ப்பாய் மறைப்பு. கரகம் தலையில் இருக்கும்வரை அவள் அம்மன், இறக்கி வைத்த மறுநிமிடம் அவள் யாரும் இல்லை. இந்த ஊருக்கு எல்லாரும் வேண்டும், வேஷத்தோடு வேண்டும். நானும் வேஷத்தோடுதான் வாழ்ந்தேன், அதனால் உனக்கும் ஒன்று தைத்துக் கொடுத்தேன். இந்த ஊர் மேல் எனக்கு இருக்கிற கோபத்தை எழுத இந்தப் பத்திரிகை போதாது. ஆனால் ஊரைத் திட்டி என் திருட்டைக் கழித்துக்கொள்ள மாட்டேன். மிக்ஸியின் பொத்தானை அமுக்கியது ஊர் இல்லை.

உன் அப்பாவிடம் ஒரு வருடம் பொய் சொன்னேன். ஆபீஸ் தூரம், அங்கேயே ரூம் எடுத்திருக்கிறான் என்றேன். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைப் பார்த்தபடியே, "அவன் காலேஜ் சேந்தப்பவே எனக்குத் தெரியும். நீ தாங்க மாட்டேன்னுதான் நான் வாயத் தொறக்கல" என்றார். நான் அவர் தாங்க மாட்டார் என்று மறைத்தேன். அவர் நான் தாங்க மாட்டேன் என்று மறைத்தார். நீ எங்கள் இரண்டு பேரும் தாங்க மாட்டோம் என்று மறைத்தாய். பத்துக்குப் பத்து வீட்டில் மூன்று பேர் ஒருவரையொருவர் இப்படிக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம்.

ஹேமந்த் என்னைப் பார்க்க வந்தது நீ அனுப்பி இல்லை என்று சத்தியம் செய்தான். அல்சூர் ஏரிக்கரைப் பெஞ்சில் உட்கார்ந்தோம். வந்ததும், "என் தமிழ் கொஞ்சம் மோசம் ஆன்டி, ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்று கன்னடத்தில் பொறுத்துக்கொள்ளச் சொன்னான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல பையன். நீ ஒரு காஃபிக் கடை மேடையில் பாடப் போனதைப் பற்றி அவன்தான் சொன்னான்.

"அவன் மைக் புடிச்சு, நான் ஒரு கே, இது என் பாட்டுன்னு சொல்லிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணான் ஆன்டி. ஃபர்ஸ்ட் லைன் முடியல, பின்னாடி டேபிள்ல ஒருத்தன், மச்சா இது எங்க ஏரியா மாரியம்மன் பாட்டுடான்னான். எல்லாரும் சிரிச்சாங்க. இன்னொருத்தன் வேப்பில கொண்டு வான்னான். இவன் நிறுத்திட்டான். அப்பறம் பாடவே இல்ல."

"நீ கேட்டிருக்கியா முழுசா?"

"ரெண்டு சரணம் கேட்டிருக்கேன். மூணாவது யாருக்கும் பாடினது இல்ல ஆன்டி. ஃபர்ஸ்ட் அம்மாக்குப் பாடணும்னு வெச்சிருந்தானாம்."

ஏரியில் ஒரு மீன்காரப் பரிசல் போய்க்கொண்டிருந்தது. அது கரை சேருவதைப் பார்த்தேன். உன் பாட்டை நான் எடுத்துக்கொண்டேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உன் பாட்டை உன் வாயிலேயே திருட்டுப் பாட்டாக ஆக்கியிருக்கிறேன் என்பது அன்றுதான் உறைத்தது.

இந்த ஆடியில் கஜேந்திரன், "அக்கா, நம்ம பாட்டு" என்று மைக்கை நீட்டினார். நான் வாங்கிச் சொன்னேன்: "இந்தப் பாட்டு என்னுது இல்ல. என் பையன் எழுதுனது. சாமிக்கு எழுதல, அவனுக்காக எழுதுனான். கேக்காம எடுத்து வார்த்தைய மாத்திட்டேன். இனிமே நான் பாட மாட்டேன்." கூட்டத்தில் ஒரு பெண், "அப்ப அவன் என்ன எழுதுனான், லவ் பாட்டா?" என்று கத்தினாள். "அத அவன்தான் சொல்லணும்" என்றேன். சொல்லிவிட்டு மைக்கைக் கீழே வைத்தேன். ஏதோ நடக்கும் என்று எதிர்பார்த்தேன். திட்டுவார்கள், மைக்கைப் பிடுங்குவார்கள் என்று. ஒன்றும் நடக்கவில்லை. கஜேந்திரன், "அக்காவுக்கு மனசு சரியில்ல, நீங்களே பாடுங்க" என்றார். டிராக் ஓடியது. முழுத் தெருவும் நான் இல்லாமலேயே பாடியது. ஒரு சொல் பிசகவில்லை. மூன்றாவது சரணத்தில் நான்கு பெண்களுக்கு அருள் வந்தது. நான் மேடை ஓரத்தில் நின்று கேட்டேன். பொருளைத் திருடினால் திருப்பிக் கொடுக்கலாம். இதை நான் யாரிடமிருந்து பிடுங்கி உன்னிடம் கொடுப்பேன்?

சரளா மட்டும் அன்று ஆடவில்லை. கரகத்தை இறக்கி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனாலும் சொல்வேன், பழக்கம் போகாது. புனேவில் வீடு பார்க்கும்போது தம்பி, கஸின் என்று பொய் சொல்லிச் சாவி வாங்காதீர்கள். வாங்கினால்தான் தலைக்கு மேல் கூரை கிடைக்கும் என்றால் வாங்குங்கள், வீதியில் நிற்க வேண்டாம். ஆனால் அந்தப் பொய்யை வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். நான் கொண்டுபோனேன், அது என் வீட்டையே நடத்த ஆரம்பித்துவிட்டது. கோடு போட்டு நடக்கச் சொன்னவளின் சொல்லை இனி உன் கால்கள் கேட்க வேண்டாம். உன் பாட்டு வரிகளுக்கு வேறு மெட்டுப் போடலாம் என்று நீ யோசிப்பதாக ஹேமந்த் சொன்னான். போடாதே. அது உன் மெட்டு. எத்தனை பந்தலில் பாடினாலும் உன் மெட்டு. நானே உன்னிடம் விட்டுக்கொடுக்கச் சொல்லி இத்தனை வருடம் கேட்டது போதும்.

மன்னிப்பு நான் கேட்கவில்லை. அது கொடுக்கிறவர் கையில் இருப்பது, கேட்டு வாங்கினால் அதிலும் ஒரு பிடுங்கல் இருக்கிறது. வீட்டுக்கு வா என்றும் கூப்பிடவில்லை. எனக்கு இப்போது மேல் ஸ்தாயி எட்டுவதில்லை, மூச்சு இரண்டாவது சரணத்திலேயே வாங்குகிறது, அதைச் சொல்லி உன்னை இளக்கவும் பார்க்கவில்லை. மூன்றாவது சரணம் வரும் இடத்தில் தெருவே என் தீச்சட்டியைப் பாடிக்கொண்டிருக்கிறது. அங்கே நீ எனக்காக எழுதியது ஒன்று உண்டு. அதில் என்னைத் திட்டியிருக்கலாம், கெஞ்சியிருக்கலாம், என்மேல் ஏதாவது நம்பிக்கை வைத்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் அது எனக்கு வர வேண்டியது, நான்தான் வாங்கிக்கொள்ளாமல் மிக்ஸியைப் போட்டேன். இன்று அப்பா வேலைக்குப் போயிருக்கிறார். பீரோ மேலிருந்த கீபோர்டை இறக்கித் துடைத்து அரிசி டிரம் மேல் வைத்திருக்கிறேன். மிக்ஸியின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்துவிட்டேன். நேரில் வேண்டாம், ஃபோனில் வேண்டாம், ஹேமந்திடம் எழுதிக் கொடுத்தாலும் போதும்.

மூன்றாவது சரணத்தில் என்னைப் பற்றி என்ன எழுதினாய்? சொல்லு.